வராந்தா வாங்கில் எழுதியிருந்த பெயர்

பழைய ஆஸ்பத்திரிச் சாமான்களைக் காட்சிக்கு வைத்த நூதனசாலையின் திறப்பு விழாவில் என் கணவரின் படத்தை மூலையில் மாட்டிவிட்டார்கள், அந்தக் கோபத்தில்தான் நான் பாதியில் எழுந்து போனேன் என்று மாத்தளைக் கடைத்தெருவிலிருந்து கோயில் வாசல் வரை பேசிக்கொள்கிறார்கள். அது பொய். படத்தை நடுச்சுவரில், வாசலுக்கு நேரே, மல்லிகை மாலையோடு மாட்டியிருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி தந்தார்கள். எனக்கும் என் கணவருக்கும் அன்று செய்யப்பட்ட மரியாதையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் எழுந்தேன்.

அந்த மேடையில் நான்கு பேர் பேசினார்கள். பழைய ஆஸ்பத்திரியின் பொருட்களை எல்லாம் காப்பாற்றி வைத்த மனிதர் இறந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. நான்கு பேரில் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. அவரை அறிந்த உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். நீங்களும் கைதட்டினீர்கள். ஆகவே உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த மனிதர் காதர் நானா. அவர் இறந்த செய்தியை அவருடைய மருமகன் நசீர் கொண்டுவந்தார். காலை பதினொரு மணி இருக்கும், நல்ல மழை. குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"டிஸ்பென்சரம்மா, மாமா மௌத்தாயிட்டாங்க. விடிய சுபஹுக்கு எழும்பல. பின்னேரம் அசருக்கு அடக்கம்."

"வருத்தம் ஏதாவது இருந்திச்சா?"

"நெஞ்சு வலின்னு ரெண்டு நாளா சொன்னாங்க. நேத்து ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு ஒரே நிலையா நின்னாங்க. மருந்துக்காக்கும்னு நெனச்சோம். இல்லியாம். பழைய கட்டடத்துல சாமானுக்குக் கீழ எழுதி வச்ச அட்டையெல்லாம் கழட்டுறாங்களாம், போய்ப் பாக்கணுமாம். மழையில விடமாட்டோம்னு புடிச்சு வச்சோம்."

அவர் வீட்டுக்குப் போய், சந்தூக்குப் பெட்டி வெளியே போகும் வரை அவர் மனைவி ரஹீலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரஹீலா என் கையை விடவில்லை. "அந்த அட்டைய பத்தித்தான் கடேசியா பேசினாரும்மா. என்னெயப் பத்தி ஒரு வார்த்த பேசல்ல" என்றார். அழுகைக்கு நடுவில் அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்தளைக்கு மேலே, சுற்றியுள்ள தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. டொக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் அங்கே என் கணவர் சொன்னதுதான் சட்டம். அவர் டிஸ்பென்சர், மருந்து கலந்து கொடுப்பவர். காதர் அட்டெண்டன்ட். காதரின் சகோதரர்கள் டவுனில் புடவைக்கடை வைத்திருந்தார்கள். "துணி அளக்குற குடும்பத்துல பொறந்து பீச்சட்டி தூக்குறான்" என்று கடை வாசலில் வைத்தே அவரைக் கேலி செய்வார்கள். "அளக்கிறது நீங்க, கடேசியில போத்திவிடுறது நான். பெரிய வேல எது?" என்பார் இவர்.

தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்த பிறகு கீழே புதிய கட்டடம் கட்டினார்கள். பழைய கட்டடத்தில் கிடந்ததை ஏற்றிச் செல்ல இரும்புக்காரனின் லொறி வந்தது. அப்போது காதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. லொறிக்காரர்கள் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, இவர் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் தோட்ட மானேஜர் வந்து, "கிழவன் வச்சிக்கட்டும்" என்று சொல்லிப் போனார். இன்று நூதனசாலை என்று நாடா வெட்டித் திறக்கப்பட்டது அந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. எந்தக் குழுவும் அப்போது இல்லை.

அவர் என் வீட்டுக்கு வந்தது அதன் பிறகுதான். என் கணவர் காலமாகி அப்போது நான்கு வருடம். அவருடைய மருந்துத் தராசைக் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தராசைக் கேட்டார்தான், ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்டார்.

"டிஸ்பென்சரம்மா, ஒங்க எழுத்து கான்வென்ட் எழுத்து. சாமான் ஒவ்வொண்டுக்கும் கீழ அட்ட எழுதித் தாங்க. சிங்களத்துல எழுத ஸ்கூல் மாத்தயா ஒருத்தர் ஈக்காரு. தமிழுக்கு நீங்க."

சிஸ்டர்மார் எங்கள் எழுத்தை அடிமட்டம் வைத்து அளந்த காலத்தில் படித்தவள் நான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அட்டையில் பொருளின் பெயர், செய்த கம்பனி, எந்த ஆண்டு வந்தது என்று எழுதுவோம் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது டொக்டர்மாருக்குத் தெரியும். எழுதுறதுக்கு முந்தி ஒண்டு கேக்கணும்: இது யார்ட ஒடம்புல பட்டது?"

அப்படித்தான் எழுதினோம். எனிமா டப்பாவுக்கு அவர் சொன்ன வாசகம்: 'இதைப் பார்த்து எல்லாரும் ஓடினார்கள். பெரிய கங்காணியும் ஓடினார்.' இது அட்டையில் எழுதுகிற விஷயமா என்று நான் சண்டை போட்டேன். "அம்மா, நான்தான் பின்னால ஓடிப் புடிச்சேன். எனக்குத் தெரியாதா?" என்றார். எழுதினேன். பார்க்க வந்தவர்களில் அதற்குச் சிரிக்காதவர் இல்லை. சிரித்து முடித்தவர்கள் அடுத்த பொருளை நின்று பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். அதுவரை அவரைக் காதர் என்று கூப்பிட்டு வந்தவள், அதற்குப் பிறகு அண்ணன் என்ற முறையில் காதர் நானா என்றேன்.

ஒருநாள் ஒரு கொப்பித் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். அது வராந்தாவில் கிடந்த வாங்குக்கான வாசகம். நீளமான பலகை வாங்கு, நான்கு பேர் உட்காரலாம். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "இதை நான் எழுத முடியாது" என்றேன்.

அந்த வாங்கைப் பற்றி இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

தோட்டத்திலிருந்து வரும் நோயாளி தோட்டத் துரையிடம் அனுமதித் துண்டு வாங்கிவர வேண்டும். துண்டில் பெயரும் திகதியும் துரையின் கையெழுத்தும் இருக்கும். அது இல்லாவிட்டால் கட்டில் கிடையாது. துண்டு வரும்வரை வராந்தா வாங்கில் காத்திருக்க வேண்டியதுதான். நாட்டில் சுதந்திரக் கொடி ஏறிய மூன்றாம் வருடம், ஐப்பசி மழையில், ராக்கம்மா என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு அவள் புருஷன் வீரன் தாங்கிக்கொண்டு வந்தான். துண்டு இருந்தது. ஆனால் முதல் நாள் எழுதிய துண்டு. ஓடையில் வெள்ளம் வந்து இரவு கடக்க முடியவில்லை, விடிந்த பிறகுதான் கடந்தார்கள். திகதி நேற்றையது, செல்லாது, புதுத் துண்டு வாங்கி வா என்று என் கணவர் வீரனைத் திருப்பி அனுப்பினார். ஏழு மைல். ராக்கம்மா வாங்கில் இருந்தாள்.

எங்கள் குவாட்டர்ஸ் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்தது. சமையலறை ஜன்னலில் நின்றால் வாங்கு தெரியும். நான் அவளைப் பார்த்தேன். என் கணவர் பகல் சாப்பாட்டுக்கு வந்தார், கை கழுவினார், உட்கார்ந்தார். "அந்தப் பொம்பள இன்னும் வெளியிலதான் இருக்காளே" என்றேன். "திகதி நேத்தையது" என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். மூன்று மணிக்கு அவள் அந்த வாங்கிலேயே இறந்தாள். பிள்ளையும் பிழைக்கவில்லை. வீரன் புதுத் துண்டோடு வந்தபோது மணி நாலு.

இதைத்தான் காதர் நானா எழுதிக்கொண்டு வந்தார். டிஸ்பென்சர் என்ற சொல் அதில் இல்லை. 'உள்ளே எடுக்கப்படாமல் இறந்துபோனார்' என்று மட்டும் இருந்தது. நான் முடியாது என்றதும் அவர் வாதாடவில்லை.

"சரிம்மா. நீங்க எழுதாட்டி இத நான் போடவும் மாட்டேன், வேற ஆள்ட குடுக்கவும் மாட்டேன்."

"ஏன்? டவுனில் எழுதத் தெரிஞ்ச ஆளே இல்லையா?"

"நான் எழுதினா, செத்த மனுஷன்மேல அட்டெண்டன்ட் பழி போடுறான்னு சொல்லுவாங்க. ஒங்க எழுத்துல இருந்தா நம்புவாங்க."

மூன்று வாரம் அவர் வரவில்லை. மற்ற அட்டைகளும் எழுதாமல் கிடந்தன. நான் நல்ல தூக்கம் தூங்கினேன் என்று சொன்னால் அது பொய்யாகும். கடைசியில் நானே ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்ததும் அவர் உட்காரும் முன்னரே கேட்டேன்:

"அன்னைக்கு நீங்களும்தானே இருந்தீங்க? என்ன செஞ்சீங்க?"

"பிளேன்டீ குடுத்தேன். ரெண்டு தரம்." பிறகு சொன்னார்: "அவ எழும்பி உள்ள வரப் பாத்தா. டிஸ்பென்சரையா சொன்னாரு, கதவ மூடினேன். சொன்னது அவர்ட வாய். மூடினது என்ட கை."

அதன் பிறகுதான் பேனாவை எடுத்தேன். எழுதுவதானால் முழுதாக எழுத வேண்டும், செய்தவர் யார் என்று இல்லாமல் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது என்றேன். டிஸ்பென்சர் என்ற சொல்லை நான் சேர்த்தேன். அப்படியானால் தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். இருவரும் சேர்ந்து எழுதியது இதுதான்:

'வாங்கு. மேல் தோட்டத்து வீரனின் மனைவி ராக்கம்மா காலை முதல் பிற்பகல் மூன்று மணி வரை இதில் இருந்து, பிள்ளையோடு இதிலேயே இறந்தார். துண்டில் முதல் நாள் திகதி இருந்ததால் டிஸ்பென்சர் அவரை உள்ளே எடுக்கவில்லை. அட்டெண்டன்ட் காதர் கதவை மூடினார். உள்ளே ஆறு கட்டில் காலியாக இருந்தது.'

கடைசி வாக்கியம் காதர் நானாவுடையது. அதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

வீரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னர், இந்தியாவுக்குப் போகும் பாஸ்போர்ட் கிடைத்து, தலைமன்னார் ரயிலுக்குப் புறப்படும் வழியில் அவன் பழைய ஆஸ்பத்திரிக்கு வந்தான். காதர் நானாதான் சொல்லி அனுப்பியிருந்தார். என்னையும் வரச் சொன்னார். வீரனுக்கு வாசிக்கத் தெரியாது. அட்டையை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டியவள் நான்தான் என்று காதர் நானா ஒதுங்கி நின்றுகொண்டார். வாசித்தேன். டிஸ்பென்சர் என்ற இடத்தில் என் குரல் நிற்கவில்லை. அதற்காக நான் முன்னரே என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டு போயிருந்தேன்.

வீரன் அட்டையில் விரலை வைத்தான். "அவ பேரு எதுங்கம்மா?"

காட்டினேன்.

"இம்புட்டுச் சின்னதாவா இருக்கு? லயத்துல அவ ஒரு சத்தம் போட்டா மேல் மலை வரைக்கும் கேக்குமே." சிரித்தான். பிறகு சொன்னான்: "அவள உள்ளயே எடுக்காததால ஆஸ்பத்திரிப் பொஸ்தகத்துல ஏத்தலீங்க. அவ பொறந்ததுக்கும் எழுத்து இல்ல. பாஸ்போட்டுக்கு எழுதிக் குடுக்கறப்ப பொஞ்சாதின்னு சொன்னேன். இப்பிடி ஒரு ஆளே எங்கயும் பதிவுல இல்லன்னு பாஸ்போட்டுக் கந்தோர்ல சொல்லிப்புட்டாங்க. முப்பது தேங்கா கனம் இருந்தா அவ. ஆளே இல்லியாம்." அட்டையிலிருந்து விரலை எடுக்காமல் கேட்டான்: "இது அழியாத மைங்களா?"

"அழியாது" என்றேன்.

"யாரும் கழட்டிற மாட்டாங்களே?"

"கழட்ட மாட்டாங்க" என்றேன். நான் வாக்குக் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் நின்ற காதர் நானாவும் "இன்ஷா அல்லாஹ்" என்றார். வீரன் அந்த வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனான்.

அதன் பிறகு காட்சிக்குழு ஒன்று அமைந்தது. கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது, சாவி காதர் நானாவின் கையிலிருந்து போனது. இரும்புக் கட்டில்களுக்கு வெள்ளிப் பெயின்ற் அடித்தார்கள். நோயாளிகள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த கட்டில் தலைக்கம்பி இப்போது கல்யாண வீட்டு அலங்காரம் மாதிரி மினுங்குகிறது. "தொடைக்கச் சொன்னேன், புதுசாக்கச் சொல்லல்ல" என்று காதர் நானா சொன்னதற்கு, "நீங்க ரெஸ்ட் எடுங்க நானா" என்று பதில் கிடைத்ததாம்.

திறப்பு விழா அன்று என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். வாங்கு வராந்தாவிலிருந்து உள்ளே வந்திருந்தது. வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதன்மேல் இருந்த நீல நிற அச்சுப் பலகையில் 'பார்வையாளர் ஆசனம், வெள்ளையர் காலம்' என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் மேலே என் கணவரின் படம். அந்த அறைக்கே அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். ராக்கம்மா இறந்த வாங்கின்மேல் பெட்டிஸ் பலகாரத் தட்டும் சோடாப் போத்தல்களும் வைத்திருந்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை அதில் இருத்தி, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் தவறில்லை. அவளுக்குச் சொல்ல அங்கே எழுத்து இல்லை.

நான் எழுந்ததும் காட்சிக்குழுச் செயலாளர் ஓடி வந்தார். "மெடம், எங்க போறீங்க? விளக்கேத்தணும் நீங்க."

"வாங்குல இருந்த அட்டை எங்க?"

"அது பழசாப் போச்சு மெடம். ஐயாவுக்கு மரியாதையா இருக்கட்டும்னு கமிட்டியில எல்லாரும் சேந்து முடிவு பண்ணினோம். நல்ல நாள்ல அந்தக் கதையெல்லாம் எதுக்கு? பாக்க வாறவங்க மனசு கஷ்டப்படும்."

"படட்டும். அதுக்குத்தான் வச்சது."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி மெடம்? ஒங்க ஹஸ்பண்ட்."

"எங்க வீட்டுக்காரர்ங்கறதாலதான் சொல்றேன். ஒங்க அப்பாவா இருந்தா நீங்க மறைச்சுக்குங்க."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு விருப்பமில்லை.

வெள்ளையர் காலமாம்! துரை வெள்ளைக்காரர்தான். ஆனால் அன்று துண்டின் திகதியைப் பார்த்தவர் தமிழர், கதவை மூடியவர் முஸ்லிம், ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நாடு எங்களுடையதாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ராக்கம்மா மாதிரியானவர்களிடமிருந்து ஓட்டுரிமையைப் பறித்ததும் நாங்கள்தான். கப்பலேறிப் போன வெள்ளைக்காரரின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வார்னிஷ் அடித்துக்கொண்டால் முடிந்துவிடுமா?

என் கணவருக்கு மரியாதை செய்ததாகச் சொல்பவர்கள் அவரைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள். அந்த நாளைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் மறு வாரத்திலிருந்து அவர் நோயாளியை முதலில் கட்டிலில் போட்டார், பிறகுதான் துண்டுக்கு ஆள் அனுப்பினார். அதற்காகத் துரை அவருக்கு இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். கடிதங்களை அவர் கிழிக்கவில்லை, விதியை மீண்டும் பிடிக்கவும் இல்லை. அந்த வாங்கைப் பற்றி மறைத்தால் இதையும் யாருக்கும் சொல்ல முடியாது. மாலை போட்ட படத்தில் மிஞ்சியிருப்பது மீசை மட்டும்தான்.

காதர் நானா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். கோபக்காரர். வெற்றிலை போடக்கூடாத இடத்திலெல்லாம் வெற்றிலை போடுவார். சாவியைப் பிடுங்கிய பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அந்தக் கட்டடத்துக்குப் போய், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவார். தான் செய்த பிழையைத் தன் பெயரோடு எல்லாரும் பார்க்க எழுதி வைக்கச் சொன்ன வேறொருவரை இந்த எழுபது வயதில் நான் கண்டதில்லை. வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்கு, "அந்தக் காதர் நான்தான்" என்றும் சொன்னார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி: இது யாருடைய உடம்பில் பட்டது? அதற்கு முன்பெல்லாம் எழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். இப்போது கை நடுங்குகிறது, எழுத்து முன்போல நேராக வருவதில்லை. ஆனாலும் அந்த அட்டையின் வாக்கியங்களை இன்னொரு முறை எழுத என்னால் முடியும். தேவையானால் எழுதித் தருகிறேன்.

காட்சிக்குழுச் செயலாளர் அவர்களுக்கு: அந்த அட்டை இப்போது எங்கே இருக்கிறது, அது மீண்டும் அந்த வாங்கில் வைக்கப்படுமா, வைக்கப்படாவிட்டால் என்ன காரணம் என்பதை எனக்குத் தெரிவிக்கவும். ஆள் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து விளக்கவும் வேண்டாம். பதிலை எழுத்தில், கையொப்பமிட்டு அனுப்பவும்.